படிகளும் பாதைகளே

மும்பை மாநகரில் ஒரு சாலைக்கு 'ஏணி' என்று பெயர். சௌபாத்திக் கடற்கரையின் பின்புறத்திலிருந்து மலபார் குன்றின்மேல் ஏறிச் செல்லும் அச்சாலையைச் 'சிரி ரோடு' என்று அழைக்கின்றனர். அதைத் தமிழ்ச் சொல்லாகக் கருதி நாம் சிரித்துவிடக் கூடாது. மராத்தியில் 'ஷிடீ' என்றாலும் இந்தியில் 'சீடீ' என்றாலும் ஏணி அல்லது படிவரிசை என்பது பொருள். குன்றின் மறுமுனையில் உள்ள வால்கேஷ்வர் கோயிலுக்குச் சென்ற அடியார்கள், செங்குத்தான இச்சரிவை ஏணிபோல் ஏறிக் கடந்தனர். ஆங்கிலேயர் நாவில் அச்சொல் தேய்ந்து 'சிரி' ஆயிற்று. பின்னர்க் குதிரை வண்டிகளுக்கும் அவற்றின்பின் மோட்டார் வண்டிகளுக்கும் ஏற்றவாறு குன்றின்மேல் வளைந்து வளைந்து ஏறும் சாலைகள் அமைந்தன. ஏணி மறைந்தது, பெயர் மட்டும் நின்றது.

சான்பாடாவில் வாழும் நமக்கு மும்பை ஒரு மலைநகரம் என்று சொன்னால் வியப்பாக இருக்கும். நம் ஊர் சமதளம். சிட்கோ நிறுவனம் 1970-இல் தொடங்கப்பட்ட பிறகு திட்டமிட்டு உருவாக்கப்பட்ட நவி மும்பையின் ஒரு பகுதி இது. மேற்கே கழிமுகம், கிழக்கே பார்சிக் மலைத்தொடர், இரண்டுக்கும் இடையே நாம். ஆனால் பழைய பம்பாய் அப்படிப்பட்டதன்று. கொலாபா, சிறிய கொலாபா, பம்பாய், மஜ்காவ், பரேல், வொர்லி, மாஹிம் என்னும் ஏழு தீவுகளில் எரிமலைக் குழம்பு இறுகிய கருங்கற் குன்றுகள் பல இருந்தன. தீவுகளுக்கிடையே இருந்த நீர்ப்பரப்பை மண்ணிட்டு நிரப்பியே இன்றைய நகரம் ஆக்கப்பட்டது. நிரப்பிய இடம் சமதளமாயிற்று; குன்றுகள் தம் இடத்திலேயே நின்றன. 'மலபார் ஹில்' என்னும் பெயரையே பாருங்கள். 'மலபார்' என்பதற்குள் நம் 'மலை' இருக்கிறது. ஆகவே அப்பெயர் 'மலைநாட்டு மலை' என்று இருமுறை மலையைச் சொல்கிறது.

குன்று இருக்கும் இடத்தில் மனிதன் ஏற வேண்டும். ஏறுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. சரிவைச் சுற்றிச் சுற்றி மெல்ல ஏறுவது ஒன்று. நேராக ஏறுவது மற்றொன்று. சுற்றும் வழிக்கு நீளம் மிகுதி, ஏற்றம் குறைவு. நேர்வழிக்கு நீளம் குறைவு, ஏற்றம் மிகுதி. சக்கரம் முதல் வழியையே நாடும். காலால் இரண்டாவதிலும் செல்ல முடியும். காலுக்காக அமைக்கப்பட்ட அந்நேர்வழியே படிக்கட்டு. கோயிலுக்குள்ளோ வீட்டுக்குள்ளோ இருக்கும் படிக்கட்டைக் கட்டடத்தின் ஓர் உறுப்பு எனலாம். ஆனால் தெருவையும் தெருவையும் இணைக்கும் படிக்கட்டு கட்டடத்தின் உறுப்பன்று; அதுவும் ஒரு தெருவே. இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டு மேலே படியுங்கள்.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் இதை நன்கு உணர்ந்த நகரம். அங்கே நிலம் மேடும் பள்ளமுமாக இருந்தபோதும், வரைபடத்தில் கட்டம் போட்டதுபோல் நேர்கோடுகளாகத் தெருக்களை வகுத்துவிட்டனர். தாளில் கோடு நேராகச் சென்றது. நிலத்தில் மலை குறுக்கிட்டது. வண்டி ஏற முடியாத அளவு சரிவு மிகுந்த இடங்களில் தெருவை நிறுத்தாமல் படிகளாக மாற்றினர். அதனால் அங்கே 600-க்கும் மேற்பட்ட பொதுப் படிக்கட்டுகள் உள்ளன. டெலிகிராப் குன்றில் உள்ள பில்பர்ட் தெரு ஓரிடத்தில் படிக்கட்டாகிறது. பெயர் மட்டும் மாறுவதில்லை. படிக்கட்டின் இருபுறமும் உள்ள வீடுகளுக்குக் கதவு எண் உண்டு. அஞ்சல்காரர் படியேறி வந்து கடிதம் தருகிறார். ஒரு காலத்தில் அப்படிகளின் ஓரம் குப்பைமேடாகக் கிடந்தது. அங்கே குடிவந்த கிரேஸ் மார்ச்சன்ட் என்னும் பெண்மணி குப்பையை அகற்றிச் செடிகளை நட்டார். இன்று அத்தோட்டம் அவர் பெயராலேயே வழங்குகிறது. அடா பக்காலின்ஸ்கி என்னும் மற்றொரு பெண்மணி நகரின் படிக்கட்டுகளை நடந்து நடந்து பார்த்து, அவற்றுக்கென்றே 1984-இல் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டார்.

ஹாங்காங்கிலும் இப்படி ஒரு தெரு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமைந்த அதன் பெயர் 'ஏணித் தெரு'. பல்லக்குத் தூக்குவோர் அப்படிகளில் ஏறி இறங்கினர். மும்பையின் ஏணியும் ஹாங்காங்கின் ஏணியும் பெயரால் உடன்பிறப்புகள். ஆனால் ஹாங்காங்கில் பெயரோடு படிகளும் இருக்கின்றன. அந்நகரின் வேறொரு சரிவில் 1993-இல் நகரும் படிக்கட்டு வரிசை ஒன்றை அமைத்தார்கள். ஏறத்தாழ 800 மீட்டர் தொலைவுக்கு மலைச்சரிவில் மக்களைச் சுமந்து செல்கிறது அது. படியைப் போக்குவரத்தாகக் கருதியதால் வந்த விளைவு இது.

இனி நம் ஊருக்கு வருவோம். மும்பையின் பழைய படிக்கட்டுகளைக் காண விரும்பும் சான்பாடா மாணவர் முதலில் செல்ல வேண்டிய இடம் சயான். துறைமுக வழி இரயிலில் வாஷி, மான்கூர்ட், செம்பூர் கடந்து குர்லாவில் இறங்கி, மத்திய வழி இரயிலில் ஒரே நிலையம் சென்றால் போதும். தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் அருகில் இருப்பதால் உங்களுள் பலர் சயான் வழியாகப் பலமுறை சென்றிருப்பீர்கள். ஆனால் அங்குள்ள குன்றின்மேல் ஏறியவர் சிலராகவே இருப்பர். சயானை மராத்தியில் 'ஷீவ்' என்பர். எல்லை என்பது அதன் பொருள். ஆங்கிலேயர் கையிலிருந்த பரேல் தீவும், போர்த்துக்கீசியர் கையிலிருந்த சால்செட் தீவும் இங்கேதான் எதிரெதிரே நின்றன. எல்லையைக் காவல் காக்க, ஜெரார்டு ஆங்கியர் ஆளுநராக இருந்த 1669 முதல் 1677 வரையிலான காலத்தில் இக்குன்றின் உச்சியில் ஒரு சிறு கோட்டையைக் கட்டினர். அடிவாரத்தில் இப்போது நேரு பெயரிலான பூங்கா உள்ளது. பூங்காவைக் கடந்தால் படிகள் தொடங்குகின்றன. உச்சியில் சிதைந்த சுவர்களும் காற்றுமே மிச்சம். ஆயினும் அங்கு நின்று பார்த்தால், எல்லைக் காவலுக்கு இவ்விடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை. கீழே இரயில் பாதைகள், நெடுஞ்சாலைகள், நெருங்கிய கூரைகள், அப்பால் கழிமுகம் இருக்கும் திசை. 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணே வரை இந்தியாவின் முதல் பயணிகள் இரயில் ஓடியபோது இக்குன்றைக் கடந்துதான் சென்றது.

சயான் குன்றில் நாம் காண்பது காவலுக்கான படி. சௌபாத்திக்கு அருகே பாபுல்நாத் கோயிலுக்கு ஏறும் படிகள் வழிபாட்டுக்கானவை. அங்கே ஏற இயலாதவர்க்கு மின்தூக்கியும் உண்டு. எலிபெண்டா தீவில் குகைகளுக்கு ஏறும் ஏறத்தாழ 120 படிகளின் இருமருங்கும் கடைகள். படி அங்கே அங்காடியாகிவிட்டது. முதியோரை நாற்காலியில் அமர்த்தித் தோளில் சுமந்து செல்வோரையும் அங்குக் காணலாம்.

இவை எல்லாம் ஏறும் படிகள். இறங்கும் படிக்கட்டைக் காண வேண்டுமானால் மலபார் குன்றின் தென்மேற்கு முனையில் உள்ள பாணகங்கா குளத்துக்குச் செல்ல வேண்டும். சிலாஹார மன்னரின் அவையில் இருந்த இலட்சுமண பிரபு என்னும் அமைச்சர் 1127-இல் இக்குளத்தை அமைத்தார் என்பர். பின்னர் 1715-இல் இராமா காமத் என்பவரின் கொடையால் வால்கேஷ்வர் கோயில் மீண்டும் கட்டப்பட்டது, குளமும் புதுப்பிக்கப்பட்டது. சிரி ரோட்டின் ஏணியில் ஏறிய அடியார்கள் சென்று சேர்ந்த இடம் இதுவே. இன்றைய பெருஞ்சாலையிலிருந்து விலகிச் சந்துகளின் வழியே இறங்கினால், ஓங்கிய கட்டடங்களுக்கு நடுவே திடீரென்று ஒரு சதுர வெளி தோன்றும். நாற்புறமும் கற்படிகள், கரையில் கல் விளக்குத் தூண்கள். கடல் கூப்பிடு தொலைவில் இருந்தும் குளத்தில் ஊறுவது நன்னீர். இராமன் தாகம் தீர அம்பு எய்த இடத்தில் நீர் பெருகியது என்று தலபுராணம் சொல்கிறது. 'பாணம்' என்பது அம்பு என்பதை நீங்கள் அறிவீர்கள்.

குளத்தின் படிக்கும் குன்றின் படிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. குன்றின் படியில் நாம் செல்லும் இடம் அசையாது நிற்கும். குளத்தின் படியில் நாம் தேடிச் செல்லும் நீர் மேலும் கீழுமாக நகரும். மழைக்காலத்தில் நீர் நம்மை நோக்கி ஏறி வருகிறது. கோடையில் நாம் அதை நோக்கி இறங்குகிறோம். எந்த மட்டத்தில் நீர் இருந்தாலும் அதன் விளிம்பில் ஒரு படி இருக்க வேண்டும் என்பதே படித்துறையின் தத்துவம். திருச்சிராப்பள்ளியில் காவிரியின் அம்மா மண்டபப் படித்துறையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆடிப்பெருக்கு நாளில் முழுகியிருக்கும் படிகள் சித்திரையில் வெயில் காயும். ஊர்க்குளத்தில் எத்தனைப் படிகள் வெளியே தெரிகின்றன என்று எண்ணி, அவ்வாண்டின் நீர்நிலையைக் கிராமத்துப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு அதுவே அளவுகோல்.

திருச்சிராப்பள்ளியைச் சொன்னபின் மலைக்கோட்டையை விட்டுவிட முடியாது. விட்டால் ஊர்க்காரர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். கடைவீதியின் நெரிசலுக்கு நடுவிலிருந்தே அதன் படிகள் தொடங்குகின்றன. அடியில் மாணிக்க விநாயகர், இடையில் தாயுமானவர், உச்சியில் பிள்ளையார். வழியில் 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த குகைக்கோயில் உள்ளது. துணிக்கடைக்கு வந்தவர் அப்படியே மலையேறிவிட்டு வீட்டுக்குச் செல்லக்கூடிய நகரம் அது.

இங்கே ஒரு சிறு கணக்குப் போடலாம். பாறையின் உயரம் ஏறத்தாழ 83 மீட்டர். படிகள் 400-க்கும் மேல். 83 மீட்டரை, அதாவது 8300 செ.மீட்டரை, 400-ஆல் வகுத்தால் ஒரு படியின் உயரம் ஏறத்தாழ 20 செ.மீ. என வருகிறது. இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, மக்கள் கூடும் பொதுக் கட்டடங்களில் படியின் உயரம் 15 செ.மீட்டருக்கு மேற்படக் கூடாது, மிதிக்கும் பரப்பின் அகலம் 30 செ.மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. அந்த அளவில் மலைக்கோட்டைக்குப் படி அமைத்தால் 550-க்கும் மேற்பட்ட படிகள் தேவைப்படும். மலைக்கோட்டை ஏறி வந்த மறுநாள் முழங்கால் ஏன் வலிக்கிறது என்பதற்கு இந்த 5 செ.மீட்டரும் ஒரு காரணம்.

15, 30 என்னும் எண்கள் எங்கிருந்து வந்தன? 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் பிரான்சுவா புளோந்தெல் ஒரு விதி வகுத்தார். சமதளத்தில் நாம் எடுத்து வைக்கும் ஓரடியின் நீளம் ஏறத்தாழ 60 முதல் 65 செ.மீ. மேலே ஏறுவது முன்னே செல்வதைவிட இருமடங்கு கடினம் என்று கொண்டால், படியின் உயரத்தை இரட்டித்து அதனோடு படியின் அகலத்தைக் கூட்டினால் அந்த ஓரடியின் நீளம் வர வேண்டும். 15-ஐ இரட்டித்து 30-ஐக் கூட்டினால் 60 வருகிறது அல்லவா? படி உயர்ந்தால் அகலம் குறைய வேண்டும். படி தாழ்ந்தால் அகலம் பெருக வேண்டும். பழைய சிற்பிகள் இவ்விதியைப் படித்தவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் செதுக்கிய நல்ல படிகளை அளந்தால் பெரும்பாலும் இதற்கு அருகிலேயே வருகின்றன. அவர்களிடமும் கால்கள் இருந்தனவே!

பழனி மலை இதற்கு மற்றொரு சான்று. அங்கே 693 படிகளைக் கொண்ட நேர்வழியும் உண்டு; யானைப்பாதை என்னும் சுற்றுவழியும் உண்டு. யானைப்பாதையில் படிகள் தாழ்வாகவும் மிக அகலமாகவும் இருக்கும். சரிவும் மென்மையாக இருக்கும். யானைக்கென அமைந்த பாதை இன்று முதியோருக்கும் கைக்குழந்தையோடு வருவோருக்கும் உதவுகிறது. பெரிய உடலுக்கு இரங்கி அமைத்த வழி, தளர்ந்த உடலுக்கும் பொருந்திவிட்டது. பிற்காலத்தில் இழுவை இரயிலும் கம்பிவட ஊர்தியும் வந்தன. ஒரே மலைக்கு நான்கு வழிகள். நான்கும் நான்கு வகை உடல்களுக்கு. ஒரு நகரம் தன் குன்றுகளுக்கு எத்தனை வழிகள் வைத்திருக்கிறது என்று பார்த்தால், யாரை எண்ணி அது கட்டப்பட்டது என்பது தெரியும்.

படிகளைக் காணச் செல்லும்போது எதைப் பார்ப்பது? எண்ணிக்கையை எல்லாரும் பார்ப்பர். அதைவிடத் தேய்மானத்தைப் பார்ப்பது நல்லது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். மனிதர் ஏறினால் சொல்ல வேண்டுமா? படியின் நடுவில் மட்டும் குழி விழுந்திருந்தால், மக்கள் ஒருவர்பின் ஒருவராகச் சென்றனர் என்று பொருள். இருபுறமும் இரண்டு குழிகள் இருந்தால் ஏறுவோரும் இறங்குவோரும் வழிபிரித்துக்கொண்டனர். கைப்பிடியின் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அங்கே முதியோர் மிகுதி. படியின் ஓரத்தில் சிறு வாய்க்கால் வெட்டப்பட்டிருந்தால், கட்டியவருக்கு மழையைப் பற்றிய அறிவு இருந்தது. அவ்வப்போது அகன்ற நடுத்தளம் இருந்தால், அவருக்கு மூச்சு வாங்குவதைப் பற்றிய அறிவும் இருந்தது. எல்லாப் படிகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். இரண்டு மூன்று படிகள் ஏறியதும் கால் அந்த உயரத்தை மனப்பாடம் செய்துவிடுகிறது. பிறகு கண் பார்ப்பதில்லை. இடையில் ஒரு படி சிறிது உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால் கால் தடுக்குவது அதனால்தான். ஏறும்போது தடுக்கினால் கையூன்றித் தப்பலாம். இறங்கும்போது தடுக்கினால் அவ்வாறு தப்புவது கடினம்.

'படி' என்னும் சொல்லைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். இது தமிழ்ப் பாடமல்லவா? காலால் மிதிப்பது படி. அரிசி அளப்பது படி. நூலைப் படிப்பதும் படி. ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுதினால் அதுவும் படி. அப்படி, இப்படி, எப்படி என்பவற்றில் வருவதும் அதுவே. நடுவண் அரசு ஊழியர்களான உங்கள் பெற்றோர் ஆண்டுக்கு இருமுறை ஆவலோடு எதிர்பார்க்கும் அகவிலைப்படியிலும் ஒரு படி உண்டு. ஆனால் அது ஏறும் படியன்று, அளந்து கொடுக்கும் படி. மராத்தியில் படியைப் 'பாயரி' என்பர். காலைக் குறிக்கும் 'பாய்' அதனுள் இருப்பதை மராத்தி அறிந்த நீங்களே கண்டுகொள்வீர்கள்.

பழைய படிகள் கல்லாலானவை. எனவே அழியாதவை என்று எண்ணிவிடுகிறோம். 2024 ஜூன் மாதத்தில் பாணகங்கா குளத்தைத் தூர்வாரும் பணி நடைபெற்றபோது, மண்ணள்ளும் இயந்திரத்தைக் குளத்துக்குள் இறக்கினார்கள். அது படிகளின் வழியே இறங்கியதால் பழைய கற்படிகள் சேதமடைந்தன. மாநகராட்சி ஒப்பந்ததாரர்மீது காவல்துறையில் புகார் அளித்தது. பல நூற்றாண்டுகளாகப் பாதங்களைத் தாங்கிய கல், சில மணி நேரம் ஓர் இயந்திரத்தின் எடையைத் தாங்கவில்லை. மனிதர்க்காகச் செய்த வழியில் சக்கரத்தை இறக்கினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

கல் உடைவதைவிடக் கொடியது ஒன்றும் இந்நகரில் நடந்தது. 2017 செப்டம்பர் 29 அன்று காலை, பரேல் நிலையத்தையும் எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தையும் இணைக்கும் நடைமேம்பாலத்தின் படிக்கட்டில் நெரிசல் ஏற்பட்டு 23 பேர் உயிரிழந்தனர். அன்று பெருமழை. நனையாமல் இருக்கப் பலர் பாலத்திலேயே நின்றுவிட்டனர். இரயில்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் மக்கள் ஏறி வந்துகொண்டே இருந்தனர். குறுகிய படிக்கட்டில் இறங்குவோரும் ஏறுவோரும் முட்டிக்கொண்டனர். துணி ஆலைகள் இருந்த இடத்தில் அலுவலகங்கள் எழுந்தன, வருவோர் தொகை பன்மடங்காயிற்று, படியின் அகலம் மட்டும் பழைய அளவிலேயே இருந்தது. அதன்பின் இராணுவத்தினரைக் கொண்டு புதிய நடைமேம்பாலம் கட்டப்பட்டு, 2018 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அந்நிலையத்தின் பெயரும் அவ்வாண்டே பிரபாதேவி என மாறியது. சாலை குறுகினால் வண்டிகள் காத்திருக்கும். படி குறுகினால் மனிதர்கள் நசுங்குவர். ஆனால் சாலைகளை அகலப்படுத்துவது பற்றி நாள்தோறும் செய்தி வருகிறது, படிகளை அகலப்படுத்துவது பற்றி விபத்துக்குப் பின்னரே வருகிறது.

செம்பூர், காட்கோபர், விக்ரோலி, பாண்டுப் பகுதிகளின் குன்றுச் சரிவுகளில் வாழும் மக்களையும் நினைத்துப் பாருங்கள். அங்கே பல வீடுகளுக்குப் படிக்கட்டு மட்டுமே வழி. எரிவாயு உருளையும் தண்ணீர்க் குடமும் மணப்பெண்ணும் நோயாளியும் அவ்வழியே சென்றாக வேண்டும். மழை நாளில் படியே வாய்க்காலாக மாறும். நோயாளர் ஊர்தி அடிவாரத்தில் நிற்கும். அதுவரை நோயாளியை நாற்காலியில் வைத்து நான்கு பேர் தூக்கி வருவர். சான் பிரான்சிஸ்கோவில் படிக்கட்டுக்குத் தெருப்பெயர் உண்டு என்று கண்டோம். பெயர் இருந்தால் முகவரி உண்டு, முகவரி இருந்தால் கணக்கில் சேரும், கணக்கில் சேர்ந்தால் விளக்கும் கைப்பிடியும் கேட்கலாம். நம் குன்றுகளின் படிகளில் மிகப் பலவற்றுக்குப் பெயரே இல்லை.

2025 மார்ச்சு இறுதியில், மலபார் குன்றின் காட்டுப் பகுதியில் 485 மீட்டர் நீளமுள்ள மரப்பலகை நடைபாதை ஒன்று திறக்கப்பட்டது. மரங்களின் ஊடே, தரையைத் தொடாமல் அது செல்கிறது. நுழைவாயில் சிரி ரோட்டில் இருக்கிறது. உள்ளே செல்லக் கட்டணச் சீட்டு வேண்டும். அடியார்கள் காசின்றி ஏறிய சரிவில் இன்று சீட்டு வாங்கி நடக்கிறோம். எனினும் வண்டி செல்ல முடியாத வழி ஒன்றை மாநகராட்சி பணம் செலவிட்டு அமைத்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. அதே அக்கறை செம்பூர்ச் சரிவுக்கும் செல்லுமானால் மகிழ்ச்சி இரட்டிக்கும்.

அருஞ்சொற்பொருள்

அடியார் – இறைவனை வழிபடும் தொண்டர்
கழிமுகம் – கடல்நீர் நிலத்தினுள் புகும் பகுதி
மருங்கு – பக்கம்
படித்துறை – நீர்நிலையில் இறங்குவதற்கான படிகள் உள்ள இடம்
தூர்வாருதல் – நீர்நிலையில் படிந்த சேற்றை அகற்றுதல்

செயல்பாடுகள்

1. உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள இரயில் நிலையத்தின் படிக்கட்டுக்குப் பெரியவர் ஒருவருடன், கூட்டம் இல்லாத நேரத்தில் செல்லுங்கள். ஒரு படியின் உயரத்தையும் அகலத்தையும் அளவுகோலால் அளந்து, புளோந்தெல் விதிப்படி கூட்டிப் பாருங்கள். விடை 60-க்கும் 65-க்கும் இடையே வருகிறதா?

2. அப்படிக்கட்டில் தேய்மானம் எங்கே மிகுதி? நடுவிலா, ஓரத்திலா? காரணத்தை மூன்று வாக்கியங்களில் எழுதுக.

3. 'படி' என்னும் சொல்லை ஐந்து வெவ்வேறு பொருள்களில் அமைத்து, வாக்கியத்துக்கு ஒன்றாக எழுதுக. அகவிலைப்படியை இப்பாடத்திலேயே சொல்லிவிட்டதால் அதை விடுத்து வேறு காண்க.

4. விடுமுறையில் சொந்த ஊருக்குச் செல்லும்போது, அங்குள்ள குன்றிலோ குளத்திலோ ஆற்றிலோ உள்ள படிகளை எண்ணி வருக. யார் கட்டியது, அதற்குப் பெயர் உண்டா என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதுக. பெயர் இல்லையெனில், அதில் நாள்தோறும் ஏறி இறங்குவோரிடம் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டு, அவர்கள் சொன்ன பெயரை அவர்கள் சொன்னவாறே எழுதி வருக.